வாயிலில் நின்ற மொழி

ஆங்கில வகுப்பென்றால் நம் பள்ளிகளில் மூன்று வேலை. செய்யுளை மனப்பாடம் செய்ய வேண்டும். துணைப்பாடக் கதையைச் சுருக்கி எழுத வேண்டும். இலக்கணப் பயிற்சியில் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். இம்மூன்றையும் கற்பிப்பதே நமது தொழில். மூன்றிலும் மாணவன் தடுமாறும்போது அவன் கண்ணில் ஓர் அச்சம் தோன்றுகிறதே, அதை நாள்தோறும் காண்கிறோம். கணக்கில் தவறியவன், கணக்குத் தவறிவிட்டது என்று எண்ணுகிறான். ஆங்கிலத்தில் தவறியவனோ தன் பிறப்பிலேயே ஏதோ குறையென்று எண்ணுகிறான்!

அரையாண்டுத் தேர்வு முடிந்த ஒருநாள், ஒரு மாணவனின் தந்தை நம்மைக் காண வந்தார். மூட்டை தூக்கிப் பிழைப்பவர். மகனுடைய விடைத்தாளின் சிவப்பு மையை நெடுநேரம் பார்த்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "அய்யா, அது பெரிய எடத்து மொழிங்க. எங்க வூட்டுப் புள்ளைக்கு எங்கிருந்துங்க வரும்? தேறுற அளவுக்குப் பார்த்து விடுங்க, போதும்."

பெரிய இடத்து மொழி! அவர் குறை சொல்லவில்லை, முறையிடவுமில்லை. மழை மேலிருந்து பெய்கிறது என்று சொல்வது போல, ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாகச் சொன்னார். "வரும், படிக்கட்டும்" என்று ஏதோ கூறி அனுப்பிவைத்தோம். அது விடையாகாது என்பது அப்போதே தெரிந்தது. அன்று அவரிடம் சொல்லத் தெரியாமற்போனதையே இங்கு எழுதுகிறோம்.

ஆங்கிலம் பெரிய இடத்தில் பிறந்த மொழியன்று. தன் சொந்த நாட்டிலேயே பல நூற்றாண்டுகள் கல்விக்கூடத்தின் வாயிலில் நின்ற மொழி.

1066ஆம் ஆண்டு நார்மண்டியிலிருந்து வில்லியம் கடல் கடந்து வந்து இங்கிலாந்தை வென்றான். அரண்மனையிலும் மாளிகையிலும் முறைமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. தேவாலயத்திலும் கல்விக்கூடத்திலும் இலத்தீன் முன்னரே அமர்ந்திருந்தது. ஆங்கிலத்துக்கு எஞ்சியவை வயலும் தொழுவமும் அடுக்களையுமே. அந்தப் பாகுபாட்டின் வடு இன்றைய ஆங்கிலத்திலும் மறையவில்லை. மாட்டை மேய்த்தவன் அதற்கு வைத்த பெயர் 'கௌ'. அதன் இறைச்சியை உண்டவன் வைத்த பெயர் 'பீஃப்'. மந்தையில் நிற்கும் ஆடு 'ஷீப்'. தட்டுக்கு வந்துவிட்டால் 'மட்டன்'. உயிரோடிருக்கும் மட்டும் ஆங்கிலம், உணவான பிறகு பிரெஞ்சு! பாடுபட்டவன் மொழி ஒன்று, பயன் துய்த்தவன் மொழி வேறொன்று.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழிந்து, 1362இல், வழக்குகளை ஆங்கிலத்தில் பேசி நடத்த வேண்டுமென்று ஒரு சட்டம் வந்தது. மன்றத்தில் பேசப்படும் பிரெஞ்சு நாட்டு மக்களுக்கு விளங்கவில்லை என்பதைச் சட்டமே காரணமாகக் கூறிற்று. அந்தச் சட்டம் எம்மொழியில் எழுதப்பட்டது தெரியுமா? பிரெஞ்சில்!

பள்ளியில் நடந்த மாற்றத்தை ஜான் ட்ரெவிசா என்பவர் 1385இல் எழுதி வைத்தார். அதற்கு முன்பு இலத்தீன் பாடத்தைச் சிறுவர்கள் பிரெஞ்சில்தான் பொருள் விளக்கிப் படிக்க வேண்டியிருந்தது. 1348இல் தொடங்கிய கொள்ளைநோய் நாட்டைச் சூறையாடியது. அதன்பின் கார்ன்வால் என்றோர் ஆசிரியர் பிரெஞ்சைக் கைவிட்டு, ஆங்கிலத்தில் பொருள் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். மற்றவர்கள் அவரைப் பின்பற்றினர். மன்னன் ஆணையுமில்லை, மன்றத் தீர்மானமுமில்லை. ஓர் ஆசிரியர் தம் வகுப்பறையில் செய்த காரியம் அது. ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆயினும், ஆங்கிலம் விளக்கம் சொல்லும் பணியாளாகத்தான் உள்ளே வந்தது, பாடமாக வரவில்லை. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் 'கிராமர் ஸ்கூல்' என்னும் பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட 'கிராமர்' இலத்தீன் இலக்கணம். வில்லியம் லிலியின் பெயரால் வழங்கிய இலத்தீன் இலக்கணத்தையே நாடெங்கும் கற்பிக்க வேண்டுமென 1540களில் எட்டாம் ஹென்றி மன்னன் கட்டளையிட்டான். மாணவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போதும் இலத்தீனில்தான் பேச வேண்டுமென்று விதி செய்த பள்ளிகள் பல. தாய்மொழியில் வாய் திறந்தால் தண்டனை! நம் நாட்டில், தமிழில் பேசியதற்காக அபராதம் கட்டிய பிள்ளைகள் இந்தச் செய்தியைப் படித்தால் சிரிப்பார்களா, சினப்பார்களா?

ஷேக்ஸ்பியர் தம் நாடகமொன்றில், வில்லியம் என்றே பெயர் கொண்ட ஒரு சிறுவனை இலத்தீன் பாடம் ஒப்பிக்க வைத்து நகையாடியிருக்கிறார். 1564இல் பிறந்த அவர் ஆங்கில இலக்கண வகுப்பில் ஒருநாளும் உட்கார்ந்தவரல்லர். அப்படியொரு வகுப்பே அன்றில்லை. ஆங்கிலத்துக்கு முதல் இலக்கண நூலை வில்லியம் புல்லோக்கர் அச்சிட்டது 1586இல். அப்போது ஷேக்ஸ்பியருக்கு வயது 22. அந்த முதல் இலக்கணமும் லிலியின் இலத்தீன் அச்சில் வார்த்ததுதான்.

இலத்தீனின் ஆதிக்கம் பள்ளியோடு நின்றுவிடவில்லை. உழவனும் படிக்கும் வண்ணம் விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் திண்டேல் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. 1536இல் மதத்துரோகி என்று தீர்ப்பளித்துக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தனர். ஆண்டவன் காதுக்கு எந்த மொழி எட்டும் என்ற வழக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

கழுத்தைப் பற்றிய இன்னொரு செய்தியும் உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தில் 'குருமார் சலுகை' என்றொன்று இருந்தது. குற்றவாளிக்குத் தூக்கு விதிக்கப்படும் நிலையில், அவன் விவிலியத்தின் ஒரு பாட்டை இலத்தீனில் படித்துக் காட்டிவிட்டால், குருமாரைச் சேர்ந்தவன் எனக் கருதித் தூக்கிலிருந்து விலக்கு அளிக்கப்படும். கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பிவிடுவர். பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரே பாட்டைத்தான் படிக்கச் சொல்வார்களாதலால், அதற்குக் 'கழுத்துப் பாட்டு' என்றே மக்கள் பெயரிட்டனர்! எழுத்தறியா ஏழைக்கு இந்தச் சலுகை எட்டவில்லை. பெண்களுக்கு நெடுங்காலம் இல்லவே இல்லை. 1598இல் பென் ஜான்சன் என்ற நாடகாசிரியர் ஒரு நடிகரைச் சண்டையில் கொன்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, இந்தப் பாட்டைப் படித்து, விரலில் சூட்டோடு உயிர் தப்பினார். அவருடைய மாற்றாந்தந்தை கொத்தனார். தாமும் சிறிது காலம் செங்கல் அடுக்கியவர். எவரோ உதவிப் பள்ளியில் சேர்த்ததால் இலத்தீன் வந்தது; இலத்தீன் வந்ததால் கழுத்து நின்றது. அதே ஜான்சன் பிற்காலத்தில் என்ன எழுதினார்? ஆங்கில மொழிக்கு ஓர் இலக்கணம்! முதற்படி தீயில் எரிந்தது, மீண்டும் எழுதினார், அவர் மறைவுக்குப் பின் 1640இல் அச்சாயிற்று.

இதைப் படிக்கும்போது மனுநூல் நினைவுக்கு வராமலிராது. பார்ப்பனனுக்குக் கொலைத்தண்டனைக்கு ஈடாகத் தலையை மழித்தால் போதும் என்கிறது அது. அங்கே ஒரு கொத்தனார் வீட்டுப் பிள்ளை எழுத்தைக் கற்று அந்தச் சலுகைக்குள் நுழைய முடிந்தது. இங்கே பிறப்பால் அன்றி நுழைவழி இல்லை. இரண்டும் அநீதியே, ஆனால் ஒன்றில் திட்டிவாசலாவது இருந்தது. 1827இல் இங்கிலாந்து அந்தச் சலுகையை ஒழித்தது.

1582இல் ரிச்சர்ட் மல்காஸ்டர் என்ற தலைமையாசிரியர் தாய்மொழிக்காக எழுதினார். இலத்தீனை மதிப்போம், ஆனால் அதற்கு அடிமையாயிருப்பானேன், ஆழ்ந்த கருத்துகளை ஆங்கிலத்தில் ஏன் எழுதக்கூடாது என்பதே அவர் வாதம். ஆங்கிலத்தில் அறிவு நூல் இல்லை, சொல்வளம் இல்லை, கடல் கடந்தால் அதற்கு மதிப்பில்லை என்றெல்லாம் அவர் காலத்துக் கற்றோர் கூறினர். தமிழில் அறிவியல் முடியுமா என்று கேட்டவர்களை நாம் அறிவோம். கேள்வி புதிதன்று, இங்கிலாந்தில் 440 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுத் தேய்ந்த கேள்வி. ஆனாலும் பழக்கம் எளிதில் விடவில்லை. 1653இல் கணித மேதை ஜான் வாலிஸ், ஆங்கிலத்தை இலத்தீன் அச்சில் வார்க்காதீர், அதற்கு அதன் போக்கிலேயே இலக்கணம் வேண்டும் என்று ஒரு நூல் எழுதினார். நல்ல கருத்து. நூலை எழுதியதோ இலத்தீனில்!

இனி, நம் மாணவனை நடுங்கவைக்கும் அந்த இலக்கண விதிகள் எப்போது வந்தன என்பதைப் பார்க்கவேண்டும். இங்கேதான் நாம் சற்று நின்று பேச விரும்புகிறோம்.

1761இல் ஒரு நூல், 1762இல் ஒரு நூல். முதல் நூலை எழுதியவர் ஜோசப் பிரீஸ்ட்லி. துணி பதப்படுத்தும் தொழிலாளியின் மகன். அரசத் திருச்சபையின் கோட்பாட்டை ஏற்க மறுத்த மாறுபாட்டாளர் கூட்டத்தைச் சேர்ந்தவர். அப்படிப்பட்டவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பட்டம் தரா. அரசு அலுவல்களிலும் அவர்களுக்குத் தடை. வாயில் அடைக்கப்பட்ட அந்த மக்கள் தங்களுக்கென்று கல்விக்கூடங்கள் கட்டிக்கொண்டனர். அங்கே அறிவியலும் வரலாறும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன. நான்ட்விச் என்னும் சிற்றூரில் சிறு பள்ளி நடத்திக்கொண்டிருந்த பிரீஸ்ட்லி, தம் மாணவர்களுக்காக எழுதிய நூலே 'ஆங்கில இலக்கண அடிப்படைகள்'. மொழியில் எது சரி என்று கேட்டால், மக்கள் வழக்கைப் பார் என்றார். ஐயம் தோன்றும் இடத்தில், காலப்போக்கில் எவ்வடிவம் நிலைக்கிறதோ அதுவே சரி. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆய்வுக்கூடத்தில் பொருளை எப்படிப் பார்த்தாரோ அப்படியே மொழியையும் பார்த்தார். 1774இல் உயிர்வளியைப் பிரித்தறிந்த அதே பிரீஸ்ட்லிதான் இவர்!

இரண்டாம் நூலை எழுதியவர் ராபர்ட் லௌத். திருச்சபையின் பெரும் பதவியாளர். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர். 1777இல் லண்டன் பேராயரானார். எது சரி என்பதை அவர் விதியால் தீர்த்தார். விதியை மீறியவர் எவராயினும் பிழை செய்தவரே. ஆகவே அவர் நூலின் அடிக்குறிப்புகளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் யார் தெரியுமா? ஷேக்ஸ்பியர் நிற்கிறார். மில்டன் நிற்கிறார். போப் நிற்கிறார், ஸ்விஃப்ட் நிற்கிறார். விவிலியத்தை மொழிபெயர்த்த குருமாரும் தப்பவில்லை! ஒரு வாக்கியத்தில் இரண்டு எதிர்மறைகள் வந்தால் ஒன்றையொன்று அழித்து உடன்பாடாகிவிடும் என்ற விதியை நம் மாணவர்கள் இன்றும் எழுதுகிறார்கள். ஷேக்ஸ்பியர் காலத்தில் இரண்டு எதிர்மறைகள் வந்தால் மறுப்பு இருமடங்கு வலுவாயிற்று என்றே பொருள். மொழி கணக்கன்று, பேசுவோரின் உடைமை.

பேராயருக்கும் நியாயம் செய்யவேண்டும். அவர் கொடியவரல்லர். தம் சிறு மகனுக்குக் கற்பிக்கவே அந்நூலை முதலில் எழுதினார். பல இடங்களில் அவர் நயமாகவே பேசுகிறார். அவரைக் கருவியாக்கிக்கொண்ட பின்வந்தோரே கடுமையைக் கூட்டினர்.

பின் ஏன் பள்ளிகளில் லௌத் வென்றார், பிரீஸ்ட்லி தோற்றார்? அக்காலத்தில் வாணிகத்தாலும் தொழிலாலும் பொருள் சேர்த்த புதுக் குடும்பங்கள் பெருகின. பணம் வந்துவிட்டது; 'பெரிய இடம்' என்ற முத்திரை வரவில்லை. வண்டியும் உடையும் வாங்கலாம். வாயைத் திறந்ததும் ஊர் தெரிந்துவிடுகிறதே! அவர்களுக்கு வேண்டியது, வழக்கே விதி என்னும் அறிவுரையன்று. இப்படிப் பேசினால் உயர்ந்தோர், அப்படிப் பேசினால் தாழ்ந்தோர் என்று கோடு கிழித்துக் காட்டும் நூல். லௌத் கோடு கிழித்தார். அது விற்றது. இலக்கணப் பிழை என்பது அறியாமை என்ற நிலையிலிருந்து இழிவு என்ற நிலைக்கு இறங்கியது இப்படித்தான். அந்த மூட்டை தூக்கும் தோழரின் தலையைக் குனியவைத்தது இந்தக் கோடு.

பிரீஸ்ட்லியின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியை வரவேற்றார் என்பதாலும், திருச்சபையை எதிர்த்தார் என்பதாலும், 1791 சூலையில் பர்மிங்ஹாமில் வெறிக்கூட்டம் அவர் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் நூல்களையும் அழித்தது. 1794இல் அமெரிக்காவுக்குச் சென்றவர் திரும்பவேயில்லை. அவர் நாத்திகரல்லர், கடவுள் நம்பிக்கை கொண்ட போதகர்தாம். அந்த அளவு மாறுபாட்டையும் பொறுக்க முடியவில்லை.

தொல்காப்பியர் வழக்கையும் செய்யுளையும் இரு கண்ணாகக் கொண்டு இலக்கணம் செய்தார் என்று அந்நூலின் பாயிரம் கூறும். பழையது கழிவதும் புதியது புகுவதும் குற்றமன்று என நன்னூல் ஒப்புக்கொள்ளும். பிரீஸ்ட்லி சொன்னதற்கு நம்மவர் அன்னியரல்லர்.

லௌத்தின் விதிகளைப் பெரிதும் எடுத்தாண்டு 1795இல் லிண்ட்லி மர்ரே ஓர் இலக்கணம் வெளியிட்டார். அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறிய வழக்கறிஞர். அந்நகரிலிருந்த பெண்கள் பள்ளியின் இளம் ஆசிரியைகள் வேண்டிக்கொண்டதால் எழுதிய நூல் அது. பையன்களுக்கு இலத்தீன் உண்டு, பெண்களுக்கு இல்லை, எனவே பெண்களுக்கு ஆங்கில இலக்கணமாவது வேண்டும்! அந்நூல் இலட்சக்கணக்கில் அச்சாகி, கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. உயர்கல்வி மறுக்கப்பட்டவர்களுக்காக எழுதிய நூல், நம் நாட்டில் உயர்ந்தோர் மொழியின் மறையாக வந்து இறங்கிற்று.

கதைப் பாடத்தின் பிறப்பும் அப்படியே. ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சிறுவர்க்குரிய கதைகளாகச் சுருக்கிய லாம் அவர்களின் நூலை நம் பள்ளிகளில் படிக்காத தலைமுறை குறைவு. 1807இல் வெளிவந்தது. இருபது கதைகளில் பதினான்கை எழுதியவர் மேரி லாம். ஆறை எழுதியவர் அவர் தம்பி சார்லஸ் லாம். நூலின் முகப்பில் அச்சான பெயர் சார்லஸ் மட்டும்! அந்த முன்னுரை இது யாருக்கான நூல் என்பதையும் மறைக்கவில்லை. ஆண் பிள்ளைகளுக்குத் தந்தையின் நூலறை இளமையிலேயே திறந்துவிடும். பெண் பிள்ளைகளுக்குத் திறப்பதில்லை. ஆகவே முதன்மையாக அவர்களுக்கே இந்நூல் என்கிறது. அதே 1807இல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் 'தகாத' வரிகளை வெட்டி, குடும்பத்தில் உரக்கப் படிக்கத்தக்கதாக ஒரு பதிப்பு வந்தது. வெட்டியவர் ஹாரியட் பௌட்லர் என்னும் பெண்மணி. முதற்பதிப்பில் எவர் பெயரும் இல்லை. 1818இல் விரிவான பதிப்பு வந்தபோது அவர் உடன்பிறந்தான் தாமஸ் பெயர் வந்தது. வெட்டும் வேலையை நாம் பாராட்டவில்லை. ஆனால் ஒரே ஆண்டில் இரண்டு பெண்களின் உழைப்பு இரண்டு ஆண்களின் பெயரில் ஊருலகத்தில் உலவிற்றே, அதை எந்தத் துணைப்பாட நூல் மாணவனுக்குச் சொல்கிறது?

செய்யுள் மனப்பாடத்துக்கு வருவோம். 1862இல் இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் புகுத்தப்பட்டது. படித்தல், எழுதுதல், கணக்கு மூன்றிலும் பிள்ளைக்குப் பிள்ளை சோதனை. ஒவ்வொரு பாடத்தில் தவறினாலும் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் மானியத்தில் வெட்டு! பிள்ளையின் தலையை நாணயமாக எண்ணிய திட்டம். 1870களில் ஆங்கில இலக்கியமும் மானியம் பெறும் பாடமாயிற்று. அதன் முதல் நிலைச் சோதனை என்ன? நூறு வரி செய்யுளை ஒப்பித்தல், பொருளும் குறிப்பும் சொல்லுதல். வரிக்கணக்கில் கவிதை! பள்ளி ஆய்வாளராயிருந்த மாத்யூ ஆர்னால்ட் தாமே கவிஞர். இந்த மானிய முறையை ஆண்டுதோறும் கண்டித்து எழுதினார். சென்னை மாகாணத்துப் பள்ளிகளும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்வு விளைவைப் பார்த்து மானியம் பெறும் முறைக்கு உட்பட்டன. நம் வகுப்பறையில் ஒலிக்கும் ஒப்புவிப்பில் அந்த நாணய ஓசையும் சிறிது கலந்திருக்கிறது.

பல்கலைக்கழகங்களின் கதை சுருக்கமானது. இங்கிலாந்தில் ஆங்கிலத்துக்கு முதற் பேராசிரியரை அமர்த்தியது, சமயச் சோதனையின்றி மாணவர்களைச் சேர்த்த லண்டன் கல்லூரி, 1828இல். பெண்களுக்காக லண்டனில் தொடங்கிய குவீன்ஸ் கல்லூரியில் 1848இல் ஆங்கில இலக்கியம் கற்பித்தனர். ஆக்ஸ்ஃபோர்ட் தனி ஆங்கிலப் படிப்பை ஏற்றது, பலத்த எதிர்ப்புக்குப் பின், 1894இல், கேம்பிரிட்ஜ் 1917இல். ஆனால் கல்கத்தாவின் இந்துக் கல்லூரி தொடங்கியது 1817இல்! ஆக்ஸ்ஃபோர்ட் தன் மாணவனுக்குத் தேவையில்லை என்று கருதிய ஷேக்ஸ்பியர் பாடத்தை, வங்காள இளைஞன் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்பே படித்துத் தேர்வெழுதினான். மாறுபாட்டாளர், மாதர், தொழிலாளர், அடிமை நாட்டினர் ஆகியோரின் வகுப்பறைகளில் வளர்ந்த பிறகே அப்பாடம் கோபுர வாயிலைத் தாண்டி உள்ளே போயிற்று.

இந்தியாவில் அதை நட்டவர்களின் நோக்கம் தூயதன்று. 1835 பிப்ரவரியில் மெக்காலே எழுதிய குறிப்பு நாடறிந்தது. சமற்கிருதமும் அரபும் தமக்குத் தெரியாதென்று ஒப்புக்கொண்டே அவற்றின் நூல்களை எடைபோட்டார். மக்கள் பேசும் மொழிகளிலோ இலக்கியமும் இல்லை, அறிவியலும் இல்லை என்று தள்ளினார். மல்காஸ்டர் காலத்தில் அவருடைய முன்னோரின் மொழிமீது எறியப்பட்ட அதே கல்லை எடுத்து நம் மொழிகள்மீது எறிந்தார். 1855இல் இந்திய ஆட்சிப்பணிக்கு லண்டனில் போட்டித் தேர்வு நடந்தபோது ஆங்கில மொழி, இலக்கியம், வரலாற்றுக்கு 1500 மதிப்பெண், சமற்கிருதத்துக்கு 375, தமிழ் பட்டியலிலேயே இல்லை. ஆளவருபவன் மில்டனை அறிந்தால் போதும், ஆளப்படுவோன் பேச்சை அறியவேண்டியதில்லை!

நட்டவன் எண்ணம் ஒன்று, முளைத்தது வேறு. இந்துக் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் வரலாறும் கற்பிக்க ஹென்றி டெரோசியோ என்ற இளைஞர் வந்தார். 1809இல் பிறந்தவர், வகுப்பறைக்குள் நுழைந்தபோது இருபது வயது நிரம்பவில்லை. எதையும் ஏன் என்று கேள் என்பதே அவர் பாடம். மாணவர்கள் வினாக் கழகம் தொடங்கினர். உருவ வழிபாட்டையும் சாதியையும் கேள்விக்குள்ளாக்கினர். வழிபாட்டு மந்திரம் சொல்லச் சொன்னபோது ஹோமரின் காப்பிய வரிகளைச் சொன்னார்கள் என்றுகூடக் கூறுவர். பெற்றோர் கொதித்தனர், நிர்வாகக் குழு 1831 ஏப்ரலில் டெரோசியோவை வெளியேறச் செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் வாந்திபேதி கண்டு மறைந்தார். வயது 22. அந்தக் கல்லூரியின் வாயில், உயர்சாதி இந்துக்களின் பிள்ளைகளுக்கே திறந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

அடைபட்ட வாயிலைத் திறந்தவர்கள் வேறிடத்தில் இருந்தனர். லண்டனில் குவீன்ஸ் கல்லூரி தொடங்கிய அதே 1848இல், புனேயில் சோதிராவ் பூலேயும் அவர் வாழ்விணையர் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். சாவித்திரிபாய்க்கு அப்போது வயது 17. தெருவில் நடக்கும்போது சாணமும் சேறும் எறிந்தார்கள். 1854இல் அவர் வெளியிட்ட மராத்திக் கவிதை நூலில், ஒடுக்கப்பட்டோர் ஆங்கிலம் கற்க வேண்டுமென்று ஒரு கவிதையே பாடியிருக்கிறார். மெக்காலேக்கு எழுத்தர்கள் வேண்டியிருந்தனர். சாவித்திரிபாய்க்கு, சாத்திரத்தின் பூட்டைத் திறக்க ஒரு சாவி வேண்டியிருந்தது. தாய்மொழியைத் தள்ளிவிட்டு அதைக் கேட்கவில்லை. மராத்தியில் பாடித்தான் கேட்டார்.

1968 சனவரி 23ஆம் நாள் நம் சட்டமன்றம் இருமொழித் திட்டத்தை ஏற்றது. அன்று முதல் ஆங்கிலம் நம் பள்ளிகளில் இருப்பது எவனோ நட்டதால் மட்டுமன்று, நாமே வைத்துக்கொண்டதாலும்தான். வைத்துக்கொண்டவனுக்கு அதன் முன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கவேண்டிய கட்டாயம் என்ன?

லௌத்தின் அடிக்குறிப்புகளைப் பற்றி ஒருநாள் வகுப்பில் சொன்னோம். அந்தத் தோழரின் மகன் கடைசி வரிசையில் இருந்தான். வழக்கமாகக் கேள்வி கேட்பவனல்லன். எழுந்து, "அப்படின்னா ஷேக்ஸ்பியருக்கு அவர் எத்தனை மார்க் போட்டிருப்பார், சார்?" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்தோம். அன்று அவன் கட்டுரைக் குறிப்பேட்டைத் திருத்தியபோது ஏழு பிழைகள் இருந்தன. ஏழையும் சிவப்பு மையால் சுழித்தே கொடுத்தோம். மேசையருகில் நின்று ஒவ்வொன்றாக ஏன் என்று கேட்டான். நான்குக்குக் காரணம் சொன்னோம். மூன்றுக்கு, "இப்போது வழக்கு அப்படி" என்று மட்டுமே சொல்ல முடிந்தது.